தாடையின் மறுபாதி

ஸோர்காவின் இடது காது செத்துப் பதினாறு வருடம் ஆகிறது. சுரங்கத்துக்குள் வைத்த வெடி ஒன்று சொன்ன நேரத்துக்கு முன்னால் வெடித்துத் தொலைத்தது. செவிப்பறை கிழிந்து உள்ளே இருக்கும் குட்டி எலும்புகள் இடம் மாறிவிட்டன என்றார் டப்போவில் பார்த்த டாக்டர். அதற்காக அவள் சுரங்கத்தை விட்டுவிடவில்லை. கூரை கெட்டியா பொள்ளலா என்று தெரிந்துகொள்ள மற்றவர்கள் தட்டிப் பார்த்துக் காதால் கேட்பார்கள். இவள் பிக்காசின் இரும்பைக் கூரையில் முட்டுக் கொடுத்து, காம்பின் நுனியைத் தாடையில் அழுத்திக்கொண்டு, சுத்தியலால் மெல்லத் தட்டுவாள். செத்த காது அப்போது மட்டும் எழுந்து உட்கார்ந்து கேட்கும். இந்தப் பதினாறு வருடத்தில் ஒரு சல்லிக்கல்கூட அவள் தலையில் விழுந்ததில்லை.

அன்று சனிக்கிழமை, சிட்னியிலிருந்து ஒரு நாள் தூரத்தில் இருக்கும் லைட்னிங் ரிட்ஜ் என்ற சுரங்க ஊரில் ஓபல் ரத்தினக்கல் திருவிழாவின் கடைசி நாள். வேறு நாளாக இருந்தால் ஏழு மணிக்கே ஏணியில் இறங்கியிருப்பாள். அன்றைக்குத் தலை வாரி, நல்ல நீலக் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, தான் குடியிருக்கும் கேரவன் வண்டியின் வாசலில் கறுப்புக் காப்பியோடு உட்கார்ந்திருந்தாள். ஜூலை, அங்கே குளிர்காலம். காப்பி ஆறுவதற்குள் மூன்று தடவை எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். காரணம், மதியம் இரண்டு மணிக்கு ஊர் மண்டபத்தில் கல் போட்டி.

போட்டியில் அவள் கல்லுக்கு எண் பதினான்கு. முந்தின நாள் மாலையே கொடுத்தாகிவிட்டது. கட்டைவிரல் நகம் அளவு, கறுப்பு அடித்தளம், மேலே பச்சைத் தீ. கொஞ்சம் சாய்த்தால் பச்சைக்குள் ஒரு சிவப்பு ஓடிப்போய் ஒளிந்துகொள்ளும். மார்ச் மாதம் கிடைத்ததை அவளே தேய்த்து, அவளே மெருகேற்றி, பின்புறம் மூடிய தங்கக் கூட்டில் அவளே பதித்தாள். முப்பத்தோரு வருடத்தில் அவள் கையில் இப்படி ஒரு கல் வந்ததில்லை. ஒன்பது வருடமாக அவளுக்கு இரண்டாம் பரிசு. ஒன்பது வருடமாக முதல் பரிசு ஹார்ட்விக்குக்கு. ஒவ்வொரு வருடமும் அந்த மனுஷன் தாடியை நீவிக்கொண்டே வந்து, அவள் தோளைத் தட்டி, "நல்ல கல்லுதான், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பான். பரிசு போனதைவிட அந்தத் தோள்தட்டல்தான் அவளுக்கு எரியும்.

ஒன்பது மணிக்குப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு வெள்ளை ஜீப் வந்தது. ஸோர்காவின் சுரங்கக் கூட்டாளி குட்டையன் அதன் முன்னால் ஓடி வழி காட்டினான். ஆறரை அடி உயரம் இருப்பவனுக்கு இந்த ஊர் வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்தது நெவில். அது அஞ்சல்காரருக்கு மட்டும் தெரியும்.

ஜீப்பிலிருந்து இறங்கியவள் ஹெஸ்டர் க்வின்லன். சிட்னியில் கல்லாகிப்போன எலும்புகளைப் படிக்கிறவள். குட்டையன் அனுப்பிய சேதியைக் கேட்டு முந்தின நாளே புறப்பட்டு, வழியில் வால்கெட் என்ற ஊரில் படுத்து எழுந்து வந்திருந்தாள். கை கொடுப்பதற்கு முன்பே கேட்டாள்.

"எங்கே அது?"

குட்டையன் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் திறந்தான். பஞ்சின் மேல் சாம்பல் நிறத்தில், விரல் கணு நீளத்தில் ஒரு துண்டு. நிறமும் இல்லை, மினுக்கமும் இல்லை. ரிட்ஜில் அதற்கு வெத்துக்கல் என்று பெயர். திருவிழாவுக்கு வரும் பயணிகளுக்குக் குப்பியில் தண்ணீர் ஊற்றிப் போட்டு விற்பதற்காக வெத்துக்கல் டின்னைக் கிளறியபோது அவன் கண்ணில் பட்டது. திருப்பிப் பார்த்தால் பல். ஒன்றல்ல, வரிசையாக நாலு.

ஹெஸ்டர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு குனிந்தாள். ரொம்ப நேரம் நிமிரவில்லை. பிறகு கேரவன் படியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"பன்னிப் பல்லா?" என்றான் குட்டையன்.

"பன்னி இந்த நாட்டுக்கு வந்தே இருநூத்துச் சொச்சம் வருஷம்தான் ஆகுது. இது பத்துக் கோடி வருஷம். பிளாட்டிபஸ் இருக்குல்ல, அதோட கூட்டத்துல ஆதியில இருந்தது."

"நம்மகிட்டயே கதை விடுறீங்களா? பிளாட்டிபஸுக்கு ஏது பல்லு? வாத்து மூக்கை வெச்சுக்கிட்டுச் சேத்தைத் தோண்டுற ஜென்மம் அது."

"பெருசுக்குக் கெடையாது. குட்டியோட வாயைத் திறந்து பாத்திருக்கியா? பல்லு மொளைக்கும். கொஞ்ச நாள்ல தேஞ்சு விழுந்துடும். விழப்போறது எதுக்கு மொளைக்கணும், சொல்லு."

குட்டையன் யோசித்தான். "கடவுளுக்கு மறதி."

"பாட்டன் சொத்து. பாட்டனுக்கு நெசமான பல்லு இருந்துச்சு, அதான் பேரனுக்கு இன்னும் எட்டிப் பாக்குது. பாட்டனோட பல்லுதான் இப்ப உன் தீப்பெட்டியில இருக்கு." அவள் குரல் நடுங்கியது. சந்தோஷத்தில்தான். ஸோர்காவுக்கு அந்த நடுக்கம் தெரியும். விளக்கு வெளிச்சத்தில் களிமண்ணுக்குள் முதல் பச்சை தெரியும்போது அவளுக்கும் அப்படித்தான் வரும். வந்து பத்து நிமிஷம் ஆவதற்குள் அவளுக்கு ஹெஸ்டரைப் பிடித்துப்போயிற்று.

அதற்குள் ஹெஸ்டர் துண்டைத் திருப்பி, பின்முனையைப் பார்த்தாள். முகம் வாடிப்போயிற்று.

"இது புது உடைசல். யாரு இதைக் குறடால வெட்டினது?"

இந்தக் கேள்விக்கு ரிட்ஜில் பதில் சொல்வது கஷ்டம். மண்ணை லாரியில் ஏற்றி, பழைய கான்கிரீட் கலக்கும் உருளையில் போட்டு நாள்கணக்கில் தண்ணீரில் சுழற்றினால் மண் கரைந்து ஓடும், கட்டிகள் மிஞ்சும். ஒவ்வொரு கட்டியாக எடுத்து, குறடால் ஒரு முனையைக் கிள்ளி உள்ளே நிறம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அரிக்கும் இடத்தைச் சொறிவது போல அது. கை தானாகச் செய்யும், மனசுக்குத் தெரியாது. ஒரு நாளில் நானூறு கட்டி கிள்ளியவளிடம் எதைக் கிள்ளினாய் என்று கேட்டால் என்ன சொல்வாள்?

"நானாத்தான் இருக்கும்" என்றாள் ஸோர்கா. "இவன் கட்டியைத் தொடமாட்டான், மண்ணு அள்ளுறதோட சரி. மார்ச்ல கழுவுனது. நெனைப்பில்ல."

"பின்பாதி?"

"நிறம் இருந்தா எடுத்து வெச்சிருப்பேன். இல்லன்னா டின்லயோ மேட்டுலயோ கெடக்கும்."

"தேடலாமா?" என்றாள் ஹெஸ்டர். தொப்பியைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, பதில் வருவதற்கு முன்பே சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தாள்.

தேடினார்கள். முதலில் டின்னைத் தார்ப்பாயில் கொட்டிக் கிளறினார்கள். அப்புறம் கழுவின சல்லி மேட்டை ஜல்லடையில் அள்ளி அள்ளி, மூன்று பேரும் முழங்கால் போட்டுத் தேடினார்கள். நல்ல நீலச் சட்டை பத்து மணிக்கே சாம்பல் நிறமாகிவிட்டது. கேரவன் கதவுக் கொக்கியில் மாட்டியிருந்த துணிப்பைக்குள்ளிருந்து ஒரு கங்காருக் குட்டி தலையை நீட்டி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. தாய் லாரியில் அடிபட்டுச் செத்துப்போக, குட்டையன் எடுத்து வளர்க்கும் குட்டி.

"பல்லுதான் கெடைச்சிடுச்சே, டாக்டரம்மா" என்றான் அவன் ஜல்லடையைக் குலுக்கிக்கொண்டே. "பின்னாடி கட்டைக்கு என்ன இவ்வளவு அவசரம்?"

"பல்லு சந்தோஷம். பின்பாதிதான் விஷயம்." ஹெஸ்டர் சல்லியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள். "ஓணான், பல்லி, அதுங்க கீழ்த்தாடையில பக்கத்துக்குப் பல எலும்பு. நமக்குப் பக்கத்துக்கு ஒண்ணே ஒண்ணு. மிச்சமெல்லாம் எங்கே போச்சு?"

"ஹார்ட்விக் எடுத்துட்டுப் போயிருப்பான்."

ஸோர்கா சிரித்துவிட்டாள். ஹெஸ்டருக்கு ஹார்ட்விக் யாரென்று தெரியாது. இருந்தாலும் சேர்ந்து சிரித்தாள்.

"காதுக்குள்ள போச்சு. தாடையோட பின்னாடி இருந்த எலும்புங்க சிறுத்துச் சிறுத்து, கழண்டு, காதுக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. சத்தத்தை உள்ள கடத்துற குட்டி எலும்புங்க, அதுங்கதான்."

"பாத்த மாதிரி பேசுறீங்க."

"நீயும் பாக்கலாம். அந்தப் பையில தொங்குறானே, அவன் பொறந்தப்போ அவரைக்கொட்டை அளவு இருந்திருப்பான். அப்போ அவனுக்கு அந்த எலும்புங்க தாடையோடதான் ஒட்டியிருந்துச்சு. வளர வளரப் பிரிஞ்சு காதுக்குப் போச்சு. இப்ப நீ கூப்பிட்டாத் திரும்புறான்ல, அந்த எலும்பை வெச்சுத்தான்."

குட்டையன் ஜல்லடையை வைத்துவிட்டுக் கங்காருக் குட்டியை ஒரு மாதிரி பார்த்தான். "டேய்" என்றான் மெதுவாக. குட்டியின் இரண்டு காதும் அவன் பக்கம் திரும்பின.

"அப்படின்னா என்னைக்கோ ஒரு காலத்துல ரெண்டுங்கெட்டானா ஒண்ணு இருந்திருக்கணும்" என்றாள் ஹெஸ்டர். "எலும்பு காதுக்கு வேலை செய்யுது, ஆனா தாடையை இன்னும் விடல. அப்படிப்பட்ட பிராணிக்குத் தாடையோட உள்பக்கம், கடைசிப் பல்லுக்குப் பின்னாடி, அந்த எலும்பு படுத்துக்க ஒரு பள்ளம் இருக்கும். மத்த விலங்குக் கூட்டங்கள்ல அந்தப் பள்ளம் கெடைச்சிருக்கு. பிளாட்டிபஸ் கூட்டத்துல, இந்தக் காலத்துல, அது இருந்தாகணும்னு நான் அஞ்சு வருஷம் முன்னாடி எழுதி, படமும் போட்டேன். அதுக்குள்ள பிரிஞ்சு போயிருக்கும், பள்ளம் இருக்காதுன்னு இன்னொரு ஆராய்ச்சிக் கோஷ்டி சொல்லுது. வர்ற வியாழக்கிழமை அடிலெய்டு மாநாட்டுல ரெண்டு கோஷ்டியும் எதிரும் புதிருமா உக்காரணும்."

"கல்லைப் பாத்துட்டுக் கதை கட்டுறது பெருசா?" என்றான் குட்டையன்.

"கல்லைப் பாக்காமலே சொல்லிட்டேன். அதான் பெருசு. இப்ப கல்லு வந்து என்னைப் பொய்யாக்கலாம்."

ஸோர்கா நல்ல காதை அவள் பக்கம் திருப்பினாள். "பள்ளம் இல்லன்னா என்ன பண்ணுவீங்க?"

"நான் தப்புன்னு அந்த மாநாட்டுல எழுந்து நின்னு நானே சொல்லுவேன். சொல்லி முடிச்சதும் கழிப்பறைக்குள்ள போய்க் கொஞ்சம் அழுவேன். ஆனா சொல்லிடுவேன்."

பன்னிரண்டு மணிக்கு மேட்டில் பாதி சலித்தாகிவிட்டது. பின்பாதி இல்லை. முட்டி வலி தாங்காமல் தேநீர் போட்டுக் குடித்தார்கள். ஹெஸ்டர் ஜீப்பிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்து வந்து, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் சல்லி வைத்து விரித்தாள். ஐந்து வருடத்துக்கு முன்னால் அவள் போட்ட படம். தாடையின் உள்பக்கம். கடைசிப் பல்லுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் தொடங்கி, கொஞ்சம் கீழ்நோக்கிச் சரிந்து, பின்னால் போகப் போக அகலமாகி முடிந்தது. வாய்க்காலின் மேல்கரை கூர்மை, கீழ்க்கரை மழுங்கல்.

ஸோர்கா படத்தைப் பார்த்தாள். அவளுடைய இடது கட்டைவிரல் தானாக அசைந்தது.

ஓபலைத் தேய்க்கும்போது கல்லை வெறும் கையில் பிடிக்க முடியாது. குச்சியின் நுனியில் மெழுகைச் சூடாக்கி, கல்லின் முதுகை அதில் அமுக்கி ஒட்டிக்கொள்ள வேண்டும். முகத்தைத்தான் தேய்ப்பார்கள். முதுகைத் தொடமாட்டார்கள். கூட்டுக்குள் மறையப்போகிற முதுகைத் தேய்த்தால் கல்லின் கனம்தான் போகும். வழவழப்பான முதுகாக இருந்தால் சக்கரத்தின் வேகத்தில் கல் பிய்த்துக்கொண்டு பறக்கும். மார்ச் மாதத்தில் தேய்த்த அந்தக் கல் ஒரு தடவைகூடப் பறக்கவில்லை. அதன் முதுகில் ஒரு பள்ளம் இருந்தது. மெழுகு அதில் பூட்டுப் போட்ட மாதிரி பிடித்தது. ஒட்டுவதற்கு முன்னால் அவள் அந்தப் பள்ளத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்து, "சமத்து" என்று கல்லைக் கொஞ்சியது ஞாபகம் வந்தது. சரிந்து போகும். போகப் போக அகலும். மேல்கரை கூர்மை.

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள், சிந்தியது. எதிரே இந்தப் பொம்பளை ஐந்து வருடமாக ஒரு பள்ளத்தை நினைத்துக்கொண்டே தூங்கி எழுந்திருக்கிறாள். அடிலெய்டில் பெரிய பெரிய தலைகள் அது உண்டு, இல்லை என்று முட்டிக்கொள்ளப் போகின்றன. உலகத்தில் அந்தப் பள்ளத்தைத் தொட்டிருப்பது ஸோர்காவின் கட்டைவிரல் ஒன்றுதான். அவளுக்குச் சிரிக்கலாம் போல இருந்தது. எழுந்து கேரவனைச் சுற்றி ஓடலாம் போலவும் இருந்தது.

அடுத்த மூச்சில் பதினான்காம் எண் ஞாபகம் வந்தது. அந்தக் கல் இப்போது போட்டிப் பெட்டிக்குள் இருந்தது.

அவள் தண்ணீர் கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கேரவனுக்குப் பின்னால் போய் நின்றாள். கல்லைக் கூட்டிலிருந்து பிரித்தால்தான் முதுகு தெரியும். பிரித்தால் போட்டியில் இடமில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மேட்டில் இல்லை, தொலைந்துபோயிற்று என்று ஹெஸ்டர் பல்லை மட்டும் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகவே போவாள். ஒன்பது வருடம். அந்தத் தோள்தட்டல். ஸோர்கா தண்ணீர்த் தொட்டியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, தன் தாய்மொழியில் தன்னையே நன்றாகத் திட்டிக்கொண்டாள். அவளுக்கு ஆசை பெரிது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் பொய் மட்டும் அவளுக்குத் தொண்டையில் இறங்காது.

திரும்பி வந்து நின்றாள்.

"குட்டையா, வண்டியை எடு. பின்பாதி மண்டபத்துல இருக்கு. கண்ணாடிப் பெட்டியில, பதினாலாம் நம்பர் மெத்தை மேல."

ஹெஸ்டருக்குப் புரியவில்லை. குட்டையனுக்கு உடனே புரிந்துவிட்டது. அவன் ஜீப்பின் சாவியை வாங்கிக்கொண்டான்.

வண்டியில் அவன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிப் பேசினான். "அவசரப்படாத. ரெண்டு மணிக்குப் போட்டி. நாலு மணிக்குள்ள முடிவு சொல்லிடுவாங்க. அஞ்சு மணிக்குக் கல்லைத் திருப்பி வாங்கி நிதானமாப் பிரி. பத்துக் கோடி வருஷம் காத்தது நாலு மணி நேரம் காக்காதா?"

"தோத்தா அஞ்சு மணிக்குத் தருவாங்க. ஜெயிச்சா?"

முதல் பரிசு வாங்கும் கல் சிட்னி, டோக்கியோ, மியூனிக் என்று ஒரு வருடம் கண்ணாடிக்குள் ஊர் சுற்றும். போட்டி நடத்தும் ஓபல் கழகத்தின் விதி. கல்லைக் கொடுக்கும்போதே கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

"ஜெயிக்க மாட்டே" என்றான் குட்டையன், ஆறுதல் சொல்கிற மாதிரி.

"இந்தத் தடவை ஜெயிச்சுடுவேன்டா. அதான் பயமா இருக்கு." ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அப்படி ஒரு பயம். அவளுக்கே அது வேடிக்கையாக இருந்தது.

பின் இருக்கையிலிருந்து ஹெஸ்டர் முன்னால் சாய்ந்தாள். "ஸோர்கா, நான் கேக்க மாட்டேன். உங்க கல்லு. ஒரு வருஷம் கழிச்சுக்கூட நான் பாத்துக்குவேன்."

"வியாழக்கிழமைக்கு?"

"வியாழக்கிழமைக்கு எங்கிட்ட என்ன இருக்கோ அதை வெச்சுப் பேசுவேன்."

"நீங்க காத்திருப்பீங்க. என்னால முடியாது" என்றாள் ஸோர்கா. அதுதான் முழு உண்மை. விதி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த முதுகைப் பார்க்காமல் ஒரு நாள்கூட அவளால் தாக்குப்பிடிக்க முடியாது.

மண்டபத்தில் ஒரே கூட்டம். சாஸேஜ் வாசனை, ஒலிபெருக்கி இரைச்சல். மணி ஒன்று இருபது. பெட்டியின் சாவி பெரில் இடுப்பில் இருந்தது. இருபது வருடமாகக் கழகத்தின் செயலாளர். எழுபது வயதிலும் உதட்டுச்சாயம் கலையாதவள்.

"வெளிய எடுத்தா இந்த வருஷம் உள்ள வராது. தெரியும்ல?" என்றாள் பெரில்.

"தெரியும். எடு."

"ஏன்டி, உனக்குப் பைத்தியமா? நடுவருங்க காலையில ஒரு சுத்து சுத்திட்டுப் போனாங்க. பதினாலுகிட்ட எவ்வளவு நேரம் நின்னாங்கன்னு எனக்குத் தெரியும். நான் சொல்லக் கூடாது."

சொல்லக் கூடாததைத்தான் சொல்லிவிட்டாள். ஸோர்காவின் கை ஒரு நொடி பெட்டியின் மேலேயே நின்றது. பக்கத்தில் ஹார்ட்விக் தாடியை நீவிக்கொண்டே தன் கல்லுக்குக் காவல் நிற்பது போல நின்றிருந்தான். பதினான்காம் எண்ணை அவன் பார்த்த பார்வையில், அவனும் அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறான் என்று தெரிந்தது.

"எடு, பெரில்" என்றாள் மறுபடியும்.

மண்டபத்தின் பின்கோடியில் கல் தேய்த்துக் காட்டும் மேசை இருந்தது. அங்கே உட்கார்ந்தார்கள். ஸோர்கா சின்ன உளியைத் தங்கக் கூட்டின் விளிம்புக்குள் விட்டு நெம்பினாள். அவளே மூன்று நாள் உட்கார்ந்து அடித்து மடக்கிய விளிம்பு. இரண்டு நிமிஷத்தில் பிய்ந்து சுருண்டுகொண்டது. கல் அவள் உள்ளங்கையில் விழுந்தது. முகம் பச்சையாக ஜொலித்தது. அதைப் பார்க்காமல் கவிழ்த்தாள்.

முதுகில் பழுப்பு மெழுகு கட்டியாக அப்பியிருந்தது. மறையப்போகிற பக்கம்தானே என்று மார்ச்சில் அவள் சுரண்டாமல் விட்டிருந்தாள். இப்போது ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒத்தி ஒத்தி எடுத்தாள். முரட்டுக் கை, முப்பத்தோரு வருடம் பிக்காசு பிடித்த கை, அப்போது மட்டும் பூப் பறிக்கிற மாதிரி வேலை செய்தது. மெழுகு கரைந்து மஞ்சளாக வழிந்தது. முதலில் கூர்மையான மேல்கரை தெரிந்தது. பிறகு சரிவு. பிறகு அகலம்.

ஹெஸ்டர் தாளை விரித்துப் பக்கத்தில் வைத்தாள். படத்துப் பள்ளமும் கல்லில் இருந்த பள்ளமும் ஒன்றுதான் என்று கண் இருக்கிற எவனுக்கும் தெரியும். குட்டையன் படத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தான்.

"டாக்டரம்மா, நீங்க இதுக்கு முன்னாடி இந்தக் கல்லைப் பாத்ததே இல்லன்னு சத்தியம் பண்ணுங்க."

"இது மண்ணுக்குள்ள இருந்தப்போ போட்ட படம் அது." ஹெஸ்டர் சிரித்தாள், அழுதாள், இரண்டும் கலந்துதான் வந்தது. பிறகு ஜீப்பிலிருந்து கொண்டு வந்த சின்ன நுண்ணோக்கியின் கீழே கல்லை வைத்துக் குனிந்தவள், அப்படியே உறைந்துபோனாள்.

"என்ன?" என்றாள் ஸோர்கா. "என்ன ஆச்சு?"

"பள்ளம் வெறுமையா இல்ல." அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பேசினாள். "கோடியில ஒரு குச்சி மாதிரி எலும்பு. ஊசி நுனி அளவு. இன்னும் அங்கேயே படுத்திருக்கு. ஸ்கேன் எடுத்துத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா ஸோர்கா, உங்க மெழுகு இதைப் பொத்திக் காப்பாத்தியிருக்கு. நீங்க அதைச் சுரண்டியிருந்தீங்கன்னா கூடவே போயிருக்கும்."

ஸோர்காவுக்குக் கண் நிறைந்தது. உடனே இன்னொன்றும் உறைத்தது. "வெளிப்பக்கம்?"

ஹெஸ்டர் கல்லைத் திருப்பி, ஜொலிக்கிற முகத்தைப் பார்த்தாள். "அது போச்சு. அங்கே என்ன இருந்துச்சுன்னு இனி யாருக்கும் தெரியாது." பூசி மெழுகாமல் சொன்னாள். ஸோர்காவுக்கு வலித்தது. மூன்று நாள் ரசித்து ரசித்துத் தேய்த்தது அதைத்தான்.

பிறகு ஹெஸ்டர் தீப்பெட்டியைத் திறந்து பல் இருக்கிற பாதியை எடுத்தாள். "நீங்க பண்ணுங்க" என்று அதை ஸோர்காவிடம் கொடுத்தாள். பிரித்தவளே சேர்க்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. ஸோர்கா சாம்பல் பாதியையும் பச்சைப் பாதியையும் எதிரெதிரே வைத்து மெல்ல நகர்த்தினாள். மேல்விளிம்பில் நூலளவு இடைவெளி நின்றது, அவள் தேய்த்த இடம். அதற்குக் கீழே இரண்டும் மயிரிழை தெரியாமல் பொருந்திக்கொண்டன. நாலு பல், அவற்றுக்குப் பின்னால் பள்ளம், பள்ளத்தின் கோடியில் குச்சி எலும்பு. பத்துக் கோடி வருடம் முழுசாகக் கிடந்து, மார்ச் மாதத்தில் ஒரு குறட்டுக் கிள்ளலில் பிரிந்த தாடை முக்கால்வாசி முழுசாகிவிட்டது.

"இந்தக் காதை வெச்சுக்கிட்டு அது எப்படிக் கேட்டிருக்கும்?" என்றாள் ஸோர்கா.

"காத்துல வர்ற சத்தம் கொஞ்சம் கேட்டிருக்கலாம். தரையில வர்ற அதிர்வு நல்லாக் கேட்டிருக்கும்னு நெனைக்கிறோம். தாடையைத் தரையில வெச்சுப் படுத்துக்கிட்டா எலும்பு வழியா நேரா உள்ள போகும்."

குட்டையன் மேசையில் அடித்துச் சிரித்தான். "இவளைப் போல. டாக்டரம்மா, இவ சுரங்கக் கூரையைத் தாடையாலதான் கேப்பா. பிக்காசுக் காம்பை இங்க வெச்சுக்கிட்டு. இடது காது டமாரம், அதுக்கு எலும்பு வழிதான் பாதை."

ஹெஸ்டர் சிரிக்கவில்லை. ஸோர்காவின் இடது தாடையை, காதுக்குக் கீழே, விரல் நுனியால் மெல்லத் தொட்டாள். "இங்கேயா?"

"இங்கதான்."

அதற்குள் மணி இரண்டு தாண்டி மூன்றும் ஆகியிருந்தது. அவர்களில் யாரும் கவனிக்கவில்லை. மண்டபத்தின் முன்பக்கம் ஒலிபெருக்கி எதையோ அறிவித்தது. கூட்டம் எழுந்து நின்றது. ஸோர்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கல்லைப் பார்க்க வாட்டமாகக் குனிந்து, இடது கன்னத்தை மேசைப் பலகையில் சாய்த்துப் படுத்துக்கொண்டாள். கண்ணுக்கு நேரே அந்தத் தாடை, சாம்பலும் பச்சையுமாகக் கிடந்தது. அதுவும் ஒரு காலத்தில் இப்படித்தான் ஏதோ ஒரு சேற்றுக் கரையில் படுத்திருக்கும்.

அப்போது கேட்டது. முன்னால் இருநூறு பேர் கைதட்டி, காலால் மரத்தரையை மிதித்தார்கள். அந்த அதிர்வு தரை வழியாக வந்து, மேசைக் கால் ஏறி, பலகையில் ஓடி, தாடை எலும்புக்குள் புகுந்து, பதினாறு வருடமாகச் செத்துக் கிடக்கும் இடது காதுக்குள் போய் நிறைந்தது. ஹார்ட்விக்குக்குத்தான் தட்டினார்கள், பத்தாவது வருடம். ஸோர்காவுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் தலையை எடுக்காமல், கைதட்டல் ஓயும்வரை, அதை முழுசாகத் தனக்கென்று வாங்கிக்கொண்டாள்.